மஞ்சள் பெட்டியின் மூன்றாவது வரி

சிறுவர் இதழ் ஒன்றில் மாதம் இரண்டு முறை எனக்கு ஒரு பக்கம் உண்டு. நாட்டு நடப்பைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுத வேண்டும். போர் ஏன் நடக்கிறது, வெங்காயம் ஏன் விலை ஏறுகிறது, விரலில் வைத்த தேர்தல் மை ஏன் சீக்கிரம் அழிவதில்லை, கையில் சாதிக் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பையன் ஊருக்கு எதைச் சொல்ல வருகிறான் என்று எல்லாவற்றையும் முந்நூறு வார்த்தைக்குள் அடக்கிவிட வேண்டும். பெரியவர்களே தலையைச் சொறியும் விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முந்நூறு வார்த்தை தாராளம் என்பது இதழாசிரியரின் எண்ணம். கயிற்றைப் பற்றி எழுதியதை மட்டும் அவர் போடவில்லை. இடமில்லை என்றார்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு மஞ்சள் பெட்டி வரும். அதற்குத் தலைப்பு, 'நாம் என்ன செய்யலாம்?' கீழே மூன்று வரி. எந்தக் கட்டுரையாக இருந்தாலும் இந்த மூன்று வரி இல்லாமல் அச்சுக்குப் போகாது. "பிள்ளைங்கள வெறும் கவலையோட அனுப்பிடக் கூடாது மேடம், கையில ஏதாவது கொடுத்து அனுப்பணும்" என்பார் ஆசிரியர். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல. போரைப் பற்றி எழுதிவிட்டு, 'பக்கத்து வீட்டுக்காரர்களோடு அன்பாக இருங்கள்' என்று மஞ்சள் பெட்டியில் போட்டவள் நான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன்.

ஒரு பெருமழைக்குப் பிறகு ஏரிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். என் கணவருக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. அந்த மழையில் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பால் வரவில்லை, மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. எரிச்சலில் இருக்கும்போது எனக்கு எழுத்து நன்றாக ஓடும். ஏரிகளை எல்லாம் வளைத்துப் போட்டதால்தான் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் நம் வீட்டுக்கு வருகிறது என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். ஆக்கிரமிப்பு என்றால் எல்லோருக்கும் பொதுவான இடத்தை ஒருவர் தனக்கென்று பிடித்துக்கொள்வது என்று எளிமையாக விளக்கினேன். ஓவியர் அதற்கு ஒரு படம் போட்டார். முறுக்கிய மீசை, தொப்பை, பத்து விரலிலும் மோதிரம் போட்ட ஒரு மனிதர் ஏரியைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. எனக்கும்தான்.

எங்கள் அடுக்குமாடியும் ஒரு காலத்தில் உப்பங்கழித் தண்ணீர் ஏறி நின்ற இடம்தான் என்பதை நான் எழுதவில்லை. எங்களிடம் எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. அதனால் அது நினைவுக்கே வரவில்லை.

மஞ்சள் பெட்டியில் முதல் வரி, 'ஏரியில் குப்பை கொட்டாதீர்கள்.' இரண்டாவது, 'மழைநீரைச் சேமியுங்கள்.' மூன்றாவது வரிக்கு ஒன்றும் தோன்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்படி எழுதினேன்: 'உங்கள் ஊர் ஏரியை நேரில் போய்ப் பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள்.' யாரும் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி அது.

சனிக்கிழமைகளில் நான் ஒரு கிளை நூலகத்துக்குப் போவேன். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற சாலையில் பாதி வழியில் இருக்கும் ஊர். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து செய்தித்தாள் படிப்போம். ஒருவர் ஒரு செய்தியை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் நடைமுறை. நூலகத்தில் நாற்காலிகள் நன்றாக இருக்கும். ஊரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் நன்கொடையாகக் கொடுத்தவை. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அவர் பெயர் சிவப்புப் பெயின்டில் இருக்கும். மின்விசிறியின் இறக்கையிலும் இருக்கும், ஓடும்போது தெரியாது.

அந்தக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒல்லியாக, நெற்றியில் ஒரு தழும்போடு இருப்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை விடமாட்டாள். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினமும் திருக்குறள் எழுதுவது அவள்தான். அவள் தெருவில் யார் வீட்டுக்கு எந்த அரசாங்கத் தாள் வந்தாலும் அவளைக் கூப்பிட்டுத்தான் படித்துக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். அப்பா மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பூர்விகம் படாளம் பக்கம். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்டே இருக்கட்டும் என்று அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த ஊருக்கு வந்தவர்கள்.

கட்டுரை வந்து ஆறு மாதம் கழித்து, பழைய இதழ்களைப் புரட்டும்போது அவள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

"மிஸ், நேர்ல போய்ப் பாருங்கன்னு போட்டுகீறீங்க. நம்ம எப்பப் போறோம்?"

போகலாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும், எழுதியவளே நான்தானே.

அடுத்த சனிக்கிழமை எல்லோருமாக ஏரிக்கரை மேல் நடந்தோம். கையில் நோட்டு, பேனா. மேற்குப் பக்கம் கல்யாண மண்டபம். அதன் பின்னால் லாரி லாரியாக மண் கொட்டி ஏரியை நிரவி, கார்கள் நிற்க இடம் செய்திருந்தார்கள். அன்றைக்கும் ஒரு கல்யாணம். சென்னைக் கார்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தில் இருந்த மீசைக்காரர் இவர்தான் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கிழக்குப் பக்கம் இரண்டு வரிசை வீடுகள் கொண்ட ஒரு தெரு. பெயர்ப் பலகை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஒரு சின்னக் கோயில் எல்லாம் இருந்தன. "அதோ எங்க வூடு மிஸ், நீலக் கலரு அடிச்சது" என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். அழகாக இருக்கிறது என்றேன். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வரிபோட்டு, மீட்டர் வைத்து, ரேஷன் அட்டை கொடுத்த தெருவை யார் ஆக்கிரமிப்பு என்று நினைப்பார்கள்? அந்தத் தெருவில் மோதிரம் போட்டவர்கள் யாரும் இல்லை.

மனுவை அவளே எழுதி வந்தாள். ஒரு பக்கம். 'ஏரியின் மேற்குப் பக்கத்தில் கல்யாண மண்டபத்தின் பின்புறம் மண் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அதை அளந்து அகற்ற வேண்டும்' என்று நேராக எழுதியிருந்தாள். அந்த மண்டபத்துக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் படித்தேன்.

"தனி ஆளைக் குறிச்சு எழுதக் கூடாதும்மா. பொதுவா எழுதணும். அதுதான் நடுநிலை" என்றேன்.

"மண்டபத்துக்காரருதான மிஸ் மூடிகீறாரு? வேற யாரும் மூடலையே?"

"இருந்தாலும் அப்படித்தான் எழுதணும்."

சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். அதற்கு மேலே, 'ஏரியை முழுமையாக அளந்து அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்ற வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். நடுநிலை என்று அவளிடம் சொன்னது பொய். எனக்குப் பயம். மண்டபத்துக்காரர் நூலகரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோகும். பயத்துக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் வீட்டுக்குப் போய் நான் திருத்தியபடியே முத்து முத்தாகப் படி எடுத்து, பழைய தாளோடு சேர்த்து என்னிடம் கொடுத்தாள். முதல் கையெழுத்து அவளுடையது.

காலாண்டு விடுமுறையில் வந்த ஒரு திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தின் மனு நாளில் போய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு எண் போட்ட ஒரு ரசீது கொடுத்தார்கள். வாசலில் எல்லோரும் நின்று ஒரு புகைப்படம். அதை இதழில் போட்டார்கள். 'வாசகர்கள் செய்தார்கள்!' என்று தலைப்பு. ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இத்தனை வருடத்தில் மஞ்சள் பெட்டியை யாரோ உண்மையாகவே செய்தது இதுதான் முதல் தடவை என்றார். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பொங்கல் முடிந்து சர்வேயர்கள் வந்தார்கள். அது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் மூன்று சனிக்கிழமை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காவது வாரம் இன்னொரு பிள்ளை வந்து, "மிஸ், அவ உங்கள வூட்டாண்ட வரச் சொன்னா. அவங்க அப்பாவும் வரச் சொன்னாரு" என்றாள்.

தெருவுக்குள் நுழைந்ததும் சுவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலுக்குப் பக்கத்திலும் சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு எண். கோயிலுக்கும் ஒரு எண் போட்டிருந்தார்கள். நீல வீட்டின் முன்னால் தெருவே கூடியிருந்தது. அவள் அப்பா இரவுப் பணி முடித்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார். சீருடைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா. பேப்பர்ல எழுதறவங்க, நீங்க வந்ததே தெம்பா கீது. இந்த நோட்டீஸ ஒரு தபா எல்லாருக்கும் வெளங்கறாப்ல சொல்லிட்டுப் போங்க. சட்டத் தமிழு, எங்களுக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு படிக்கட்டும், நீங்க அர்த்தம் சொல்லுங்க."

உள்ளே சுவரில், அவர் தலைக்குப் பின்னால், இதழில் வந்த எங்கள் புகைப்படம் ஒட்டியிருந்தது. கத்தரித்து, சுற்றிலும் பூப்போட்ட காகிதம் வைத்து ஒட்டியிருந்தார்கள். நூலகப் பிள்ளைகள் ஆட்சியர் அலுவலகம் போன படம் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அவள் திண்ணென்ற குரலில் படிக்க ஆரம்பித்தாள். அதே நோட்டீஸின் இன்னொரு படி பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. நான் அதில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன். அரசாங்கக் கடிதங்களில் மேலே 'பார்வை' என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தத் தாளின் பேரில் இதை எழுதுகிறோம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒன்று, நீதிமன்ற உத்தரவு. இரண்டு, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. மூன்று, கிளை நூலக மாணவர் வாசிப்புக் குழுவின் மனு. ரசீதில் இருந்த அதே எண், அதே நாள்.

அவள் ஒன்றைப் படித்தாள். இரண்டைப் படித்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு, "மேற்காணும் பார்வைகளின்படி, தாங்கள் ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்புச் செய்து..." என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அர்த்தம் சொல்லச் சொன்னார்களே, சொன்னேன். இந்த இடம் ஏரிக்குச் சொந்தமானது என்கிறார்கள், காலி செய்யச் சொல்கிறார்கள், வெகு தூரத்தில் அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொல்கிறார்கள் என்றேன். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி விளக்கினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஒரு பெண்மணி வீட்டு வரி ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இதையெல்லாம் வாங்கும்போது இது ஏரி என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரிந்திருக்கும் என்றேன்.

"ஆக்கிரமிப்புன்னு எங்களத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார் அவள் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "படாளத்துல என் பங்கு நெலத்த வித்துட்டு வந்து வாங்கனது. சும்மா வளைச்சுக்கல. எங்களப் பத்தி ஒரு வார்த்த பேப்பர்ல எழுதுங்கம்மா. நீங்க எழுதனா கேப்பாங்க."

எழுதுகிறேன் என்றேன்.

அவள் என்னைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட வந்தாள். ஏரிக்கரை மேல் நடந்தோம்.

"மூணாவதை நீ படிக்கலை" என்றேன்.

"பார்த்துட்டீங்களா மிஸ்."

"நான் உங்க அப்பாகிட்ட சொல்லிடறேன். அப்படி எழுதச் சொன்னது நான்தான்னு. உன் மேல தப்பே இல்லைன்னு."

அவள் நின்றாள். "சொன்னா உங்களுக்குப் பாரம் எறங்கிடும் மிஸ். நீங்க பஸ் ஏறிப் பூடுவீங்க. எனக்கு? நான் இந்தத் தெருவுலதான இருக்கணும், இருக்கற வரைக்கும்."

பஸ் வரும்வரை இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் வந்தபோது, ஏறப்போன என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "மண்டபம்னு நான் எழுதுனேன் மிஸ். நீங்கதான் அடிச்சீங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை. ஒரு செய்தியைப் படிப்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த வாரம் நான் அலுவலகங்களில் ஏறி இறங்கினேன். ஒரு குமாஸ்தா மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார். "கோர்ட்டு உத்தரவு பழசும்மா. வருஷக்கணக்கா கெடந்துச்சு, யாரும் தொடல. ஆனா மனு நாள்ல ஒரு மனு வந்துட்டா பதில் போட்டு முடிச்சாகணும். அளக்காம பதில் போட முடியாதே. அதான் எடுத்தோம்."

மண்டபம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர்கள் உடனே வக்கீல் வைத்துத் தடை ஆணை வாங்கிவிட்டார்களாம். "மனுவுல அவங்களக் குறிப்பிட்டு எதுவும் இல்லையேம்மா. 'அனைத்து'ன்னுதான போட்டிருக்கு. நாங்க முடிஞ்ச எடத்துலேருந்துதான் ஆரம்பிக்க முடியும்" என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டியின் விலாசத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பில் சேர்ந்த தாளை எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி எழுதவும் செய்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நான் போன தடவை தவறாக விளக்கிவிட்டேன் என்று தொடங்கி, வரி கட்டிய தெரு எப்படி ஏரியாகிறது, தடை ஆணை யாருக்குக் கிடைக்கிறது, ஏரியும் வேண்டும் அந்தத் தெருவும் வேண்டும் என்றால் என்ன வழி என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். ஏரி வேண்டாம் என்று என்னால் எழுத முடியவில்லை. மழை வந்தால் முதலில் மூழ்குவதும் அந்தத் தெருதான். ஆசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு மேடம். மஞ்சள் பெட்டி மட்டும் காலியா இருக்கே?"

நான் மூன்று நாள் முயன்றேன். ஒரு வரிகூட வரவில்லை. பெட்டி இல்லாமல் போடச் சொல்லிக் கெஞ்சினேன். வழக்கில் இருக்கிற விஷயம், பிள்ளைகள் பத்திரிகை, பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தெருவின் சார்பாக ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது. எழுத அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? நான் போயிருந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கோணல்மாணலாக, வரி மேலும் கீழும் ஏறி இறங்கி ஓடியது. பேனாவை ஒரு மாதிரி முறுக்கிப் பிடித்திருந்தாள். கோப்பில் இருக்கும் பழைய மனுவின் பக்கத்தில் இதை வைத்தால் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி எழுதினாள். கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாடி இது? கரும்பலகையில அவ்ளோ அழகா எழுதறவ, நம்ம வூட்டுக்குன்னா இப்படி எழுதற?" என்றார் அப்பா.

"கை வலிக்குதுப்பா."

நானே எழுதுகிறேன் என்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவும் தெருவில் இரண்டு பேரும் நானும் மனு நாளுக்குப் போனோம். அதே குமாஸ்தாதான் வாங்கினார். மனுவை மேலிருந்து கீழ் பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"இது யாரு எழுதுனது, கோழி கிளறுனாப்ல கீது? இந்த ஏரிக்கு நூலகத்துப் பசங்க ஒரு மனு குடுத்துச்சுங்க. ஒரு பொண்ணு கையெழுத்து, முத்து முத்தா. அத வச்சுத்தான் இந்த ஃபைலையே எடுத்தோம். மேடமுக்குத் தெரியுமே."

அவள் அப்பா என்னைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய புகைப்படம், பூப்போட்ட காகிதம், கை வலிக்குது என்று சொன்ன மகள், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கூடிவருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரசீதை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பாதி வழி வந்தபிறகு, திரும்பாமலே பேசினார்.

"புள்ளைங்களுக்கு இன்னா தெரியும்? பெரியவங்க சொல்றத எழுதுதுங்க."

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணாண்ட இத சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிய வாணாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் எழுதச் சொல்லவில்லை.

முழுப் பரீட்சை முடியட்டும் என்று மட்டும் அதிகாரிகள் பொறுத்தார்கள். அது ஒன்றுதான் எங்கள் மனுவுக்குக் கிடைத்த பதில். பரீட்சை முடிந்த வாரமே மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. அரை நாளில் இரண்டு வரிசையும் முடிந்துவிட்டது. மேற்குப் பக்கத்து மண்டபத்தில் அன்றும் முகூர்த்தம், நாதஸ்வரம் கேட்டது. புதிய வீடு கொடுத்த இடத்துக்கு மறைமலைநகர் கம்பெனி பஸ் வருவதில்லை. அவள் அப்பா இப்போது வேறு ஏதோ ஒரு கிடங்கில் காவல் வேலையில் இருக்கிறார் என்று கேள்வி. கிழக்குக் கரையில் கம்பி வேலி போட்டு, 'இது அரசு நிலம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போவதற்கு முந்தின நாள் அவள் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அதுவும் கோணலாகத்தான் இருந்தது. பழகிவிட்டதா, வேண்டுமென்றே போட்டாளா என்று தெரியவில்லை. சுவரில் இருந்த புகைப்படத்தை அப்பாவே எடுத்துவிட்டார் என்றாள். "ஈரம் ஏறுதாம், கெட்டுப் பூடுமாம்." அதை அவள் நம்பினாள். நான் தலையாட்டினேன். அவளுடைய ரகசியம் ஒன்று, அவருடையது ஒன்று. இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பேருக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"மிஸ், நான் மொதல்ல எழுதுன தாளு, நீங்க செவப்புல அடிச்சது, இருக்கா?"

"ஏன்?"

"கிழிச்சுப் போட்டுடுங்க. எப்பவாச்சும் அப்பா கண்ணுல பட்டா நல்லா இருக்காது."

கிழித்துவிட்டேன் என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சிரித்துக்கொண்டே போனாள்.

கிழிக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஏரியில் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதிய ஒரே தாள் அதுதான். எழுதியவளுக்கு அப்போது பதினான்கு வயது. குறுக்கே ஓடும் சிவப்புக் கோடு என்னுடையது.